பத்துக்கு மேல் கூடாது

கோழியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக் கூண்டுக்குள் விட்டாள் நாகஜோதி.

"ஒன்பது," என்றாள் சுகாதார ஆய்வாளர் ஜெபஷீலா. "இன்னும் ஒண்ணுதான். வீடுக நெருக்கமா இருக்கிற தெருவுல பத்துக்கு மேல வச்சுக்கக் கூடாது. மிச்சத்தை இன்னைக்கே அப்புறப்படுத்தணும்."

"சரிங்க மேடம்."

"கூண்டும் அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. தள்ளி வைங்க."

"சரிங்க மேடம்."

சுவருக்கு அந்தப் பக்கம் சசிதரன் நின்றிருந்தான். புகார் கொடுத்தவன் அவன்தான். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறான். இதைப் பார்க்கவென்றே லீவு போட்டிருந்தான்.

"குமுளியில பக்ஷிப்பனி, அதான் பறவைக் காய்ச்சல்னு ஒரே பேச்சு மேடம். இங்கன என்னடான்னா பண்ணையே நடத்துறாக. ஜன்னலத் திறக்க முடியல. எங்க வீட்டுக்கும்தான் நாட்டுக்கோழி முட்டை வருது, மாமியா ஊர்லருந்து. எவ்வளவு சுத்தமா இருக்கும் தெரியுமா?"

நாகஜோதி தலையைத் தூக்கவில்லை.

மிச்சக் கோழிகளை வாங்க வந்த வியாபாரி கர்ணன், பெரிய கூடையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏக்கா, முட்டையிடுறதப் பூராம் எங்கிட்டத் தள்ளிவிட்டுட்டு, கிழவிகள வச்சு முதியோர் இல்லமா நடத்தப் போறீக?"

ஜெபஷீலாவும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கொண்டை சிவந்து, கொழுகொழுவென்று இருந்தவை எல்லாம் கூடைக்குப் போயின. கூண்டுக்குள் போனதில் பாதிக்குக் கழுத்து மயிரே இல்லை. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு துணி நாடா. சிவப்பில் மஞ்சள் புள்ளி. கூடையில் இருந்தவற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"இதென்ன காலுல?"

"அடையாளத்துக்கு மேடம்."

"எதுக்கு அடையாளம்?"

"அது... அப்படித்தான் மேடம்."

சசிதரன் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தான். "எனக்குத் தெரியும் மேடம். நல்லதெல்லாம் எங்க போகுது பாருங்க. இவுகளும் கர்ணனும் கூட்டு. நீங்க வண்டியத் திருப்புனதும் கூடை திரும்பி வந்துரும்."

"ஏலே சசி, காசு குடுத்துத் தூக்கிட்டுப் போறேன்டா. சந்தையில வந்து பாரு."

ஜெபஷீலாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், அவள் சொன்னதற்காகத் தன் மச்சான் தோட்டத்துக்கு அனுப்பிய ஆடுகள், பொழுது சாயுமுன்னே தாமாக வீடு திரும்பியிருந்தன.

"திரும்ப வந்துச்சுன்னா அபராதம் போடுவேன். பெறகு வருத்தப்படக் கூடாது."

"வராது மேடம்."

பத்தாவது கோழி உள்ளே போனது. நாகஜோதியின் மடியில் இன்னும் ஒன்று இருந்தது. கறுப்பு வெடை, இன்னும் முட்டைக்கு வராத இளசு. அதன் காலிலும் நாடா.

"இது ஒண்ணு மட்டும் மேடம்..."

"பத்துன்னா பத்துதான்."

அதன் முதுகை ஒருதரம் தடவிவிட்டுக் கூடையில் வைத்தாள் நாகஜோதி. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சசிதரனை அல்ல, அவன் வீட்டு அடுப்படி ஜன்னலை.

"கை கழுவணுமே," என்றாள் ஜெபஷீலா.

"எங்க வீட்டுக்கு வாங்க மேடம், சோப்பு இருக்கு," என்று சசிதரன் முந்திக்கொண்டான்.

அடுப்படித் தொட்டியருகே சசிதரனின் மனைவி பவானி சொம்போடு நின்றாள். சோப்பை எடுக்கக் குனிந்தபோது, மிக்ஸியைப் போர்த்தியிருந்த துணி ஜெபஷீலாவின் கண்ணில் பட்டது. பழைய சேலைத் துண்டு. சிவப்பில் மஞ்சள் புள்ளி. ஓரத்தில் நாடா நாடாவாகக் கிழித்து எடுத்திருந்தது.

அவள் பார்த்ததைப் பவானியும் பார்த்துவிட்டாள். ஊற்றிய தண்ணீர் நின்றது.

"கல்யாணத்துக்கு எங்கம்மா ஒரு கோழி குடுத்துவிட்டாக மேடம்," என்று குரலைத் தாழ்த்தினாள். "இவுக அன்னைக்கே அடிச்சுக் குழம்பு வைக்கச் சொன்னாக. மனசு வரல. வித்துட்டேன்னு சொல்லிட்டு, நாகஜோதி அக்காகிட்ட வாரத்துக்கு விட்டேன். பொரிக்கிறதுல அவுகளுக்குப் பாதி, எனக்குப் பாதி. என்னோடதுக்குத்தான் நாடா."

"முட்டை?"

"சுவரு வழியாத்தான் வரும்."

கூடத்திலிருந்து சசிதரன் குரல் கொடுத்தான். "பவானி, மேடத்துக்கு ரெண்டு முட்டை அவிச்சுக் குடு. அத்தை ஊரு முட்டை, ருசியப் பாக்கட்டும்."

"வேண்டாம் சார்," என்றாள் ஜெபஷீலா.

பவானி மறுபடி தண்ணீர் ஊற்றினாள். "எதெல்லாம் போச்சு மேடம்?"

"நாடா கட்டுனது பத்து கூண்டுல இருக்கு. போறது பூராம் அவங்களோடதுதான்."

பவானி சொம்பைக் கீழே வைத்தாள். கறுப்பு வெடையைப் பற்றி ஜெபஷீலா சொல்லவில்லை.

சசிதரன் வாசல்வரை வந்து வழியனுப்பினான். "சரியா பத்துதானே மேடம்? ஒண்ணு கூடுனாலும் நான் விடமாட்டேன்."

"எண்ணியாச்சு சார்."

அவன் உள்ளே போனான். ஜெபஷீலா தன் வண்டி நின்ற நாகஜோதி வீட்டு முற்றத்துக்கு வந்தாள். நாகஜோதி குழாயடியில் குந்தி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடையைக் கட்டக் கயிறு தேடி மொபெட்டுக்குப் போயிருந்தான் கர்ணன்.

ஜெபஷீலா ஈரம் காயாத கையைக் கூடைக்குள் விட்டுக் கறுப்பு வெடையை எடுத்தாள். கூண்டைத் திறந்து உள்ளே விட்டு, கொக்கியை மாட்டினாள்.