தீவில் யார் சமையல்?

கல்யாணமான ஒரே வாரத்தில், எலியட்ஸ் பீச் மணலில் உட்கார்ந்து ஜைத் போனை நீட்டினான்.

"அந்தமான் பக்கம் ஒரு தீவு. தனி வீடு. வாசல்லயே மான் மேயுமாம், ஆமை கரையேறுமாம். ஓட்டல் கெடையாது, நாமளேதான் சமைச்சிக்கணும்."

ரூஹி போனை அவன் பக்கமே தள்ளினாள். வெந்நீரைத் தவிர எதையும் வைத்தறியாதவள் அவள்.

"பாண்டிச்சேரி போலாங்க. மான் முட்டும்."

"முட்டட்டும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீ செஞ்ச பிரியாணிய நான் தினம் துன்னணும்."

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க."

"அது வெளியிலதான் படுக்கும். நீ மசாலாவ எடுத்து வை."

இனி மறைத்துப் பயனில்லை. "நான் செய்யலைங்க. எங்க மாமா ஏதோ கடையிலேர்ந்து வாங்கியாந்தாரு" என்று அழுதேவிட்டாள்.

"தெரியும்" என்றான் ஜைத். "எங்க கடையிலதான் வாங்கினாரு. தம் போட்டதே நான். தீவுலயும் நானே போடறேன்."

ரூஹியின் அழுகை சட்டென்று நின்றது. "தெரிஞ்சுமா கட்டிக்கினீங்க?"

"பின்ன? எங்க பிரியாணிய எங்களுக்கே பரிமாறி, 'நானே செஞ்சேன்'னு வாய் கூசாம சொன்னியே! நம்ம கல்லாவுல குந்த இவதான் சரியான ஆளுன்னு எங்கம்மா அங்கயே முடிவு பண்ணிட்டாங்க."