வெட்டுப்பட்ட பெயர்

அந்தக் காலத்தில் ஊரில் தேர்தல் என்றால் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று ஒழுங்கைக்குள் கரகரத்துக்கொண்டு வரும். சூரிச்சுக்குப் பக்கத்து இந்தச் சிறு நகரத்தில் அழைப்புமணி ஒருமுறை அடித்தது. அவ்வளவுதான்.

வாசலில் பிருந்தாபன், நகரசபை வேட்பாளர். கையில் துண்டுப்பிரசுரம்.

“அன்ரி, உங்கட வாக்கு எனக்குத்தானே?”

தில்லைநாயகி அவனை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். மேசையில் அவனுடைய கட்சிப் பட்டியலை விரித்து, பேனையை எடுத்தாள். அந்தப் பட்டியல்தான் வாக்குச்சீட்டு; பிடிக்காத பெயரை வெட்டலாம், பிடித்த பெயரை இரண்டு தரம் எழுதலாம். இங்கத்தைய வழக்கம் அது.

“தம்பி, காலமை பள்ளிக்கூடம் துடைக்கிறம். பிறகு பஸ் எடுத்துப் போய் நூலகம் துடைக்கிறம். ரெண்டும் நகரசபையின்ர கட்டடம். பஸ்ஸில போற நேரத்துக்கு ஆர் சம்பளம் தாறது?”

“அதைப் படிப்படியாப் பாப்பம் அன்ரி.”

அவன் பெயரின்மேல் கோடு விழுந்தது.

“ஐயோ, அன்ரி!”

“படி ஏறி ஏறித்தான் தம்பி என்ர முழங்கால் போனது.”

“பட்ஜெட்டில இடமிருந்தா...”

இன்னொரு கோடு.

தேத்தண்ணி குடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி எனக்கே பாவமாக இருந்தது. தன் சம்பளத்துக்காக, வீடு தேடி வந்த பிள்ளையை இப்படியா வாட்டுவது?

“சரி! முதல் கூட்டத்திலேயே கேக்கிறன்!”

“எழுத்தில தாரும்.”

துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டான். அவள் பட்டியலில் அவன் பெயரை முத்துமுத்தாக இரண்டு தரம் எழுதிக் காட்டினாள். தேத்தண்ணியைக் குடிக்க மறந்து போய்விட்டான்.

கதவு சாத்தியதும் பட்டியலைப் பழைய பேப்பர்க் கட்டுக்குள் செருகி, கயிற்றால் இறுக்கினாள்.

“என்ன தில்லை, வாக்கை எறியிறாய்?”

“உது மகள் வாக்கைத் தபாலில போட்ட பிறகு மிஞ்சின தாள். எனக்கு ஏதக்கா வாக்கு? நான் இன்னும் சிலோன் பாஸ்போட்.”

“அப்ப அவனை ஏமாத்தினியோ?”

“வாக்கிருக்கெண்டு நான் சொன்னனானோ? இருக்கோ எண்டு அவரும் கேட்கேல்ல.” கையெழுத்தைக் கைபேசியில் படமெடுத்தாள். “வேலைக் குறூப்பில வாக்குள்ளவை பதினேழு பேர் இருக்கினம். அவைக்கு அனுப்புறன்.”

பிருந்தாபன் வென்றான். சொன்னபடி கேட்டான், பதினேழு பேரும் விடாமல் கேட்க வைத்தார்கள். அடுத்த பங்குனியிலிருந்து பஸ் நேரத்துக்கும் சம்பளம் வந்தது.

தில்லைநாயகிக்கு அது வரவில்லை. தேர்தல் நடந்த மாதக் கடைசியில் அவளுக்கு அறுபத்தைந்து. அன்றோடு வேலையிலிருந்து ஓய்வு.