மூன்றாம் கூண்டு

“ஊசிய நிறுத்திட்டா அது பழையபடி சாதுவாயிடுமா?”

“கொஞ்ச நாள்ல ஆயிடும். ஒரு எலி மேல உனக்கு என்னடி இவ்ளோ பாசம்?”

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் கணவன் போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அது. சதையை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டதும், மூன்றாம் கூண்டு வெள்ளெலி தன் ஜோடியையே கடித்துக் குதறியதாம். அன்றிலிருந்து தினமும் அதைப் பற்றியே கேட்டாள்.

இன்றும் அவன் வண்டிச் சத்தம் கேட்கும்வரை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“உன் செல்லம் திருந்திடுச்சு! ஊசிய நிறுத்தினோம்ல? இப்போ ஜோடிகூட ஒட்டிக்கிட்டுத் தூங்குது.”

“நிஜமாவா?”

சட்டென்று திரும்பியவளின் முழங்கை பட்டு, மேசையிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கியது.

“கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?” அவன் ஓங்கிக் குத்தியதில் சமையலறைக் கதவில் இன்னொரு பள்ளம் விழுந்தது.

அவள் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கவில்லை. உள்ளே போய், அவனுடைய ஜிம் பையிலிருந்த ஊசி மருந்துக் குப்பியை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

“நீங்களும் நிறுத்திடுங்களேன். நானும் பயமில்லாம உங்க பக்கத்துல தூங்கணும்.”