மயிலுக்கு வயிறு இல்லை

"ஐயோ, போச்சு! மயில் வயித்துல ஓட்டை போட்டுட்டீங்களே!"

கல்பனா போட்ட சத்தத்தில் வளவன் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது.

"கை தவறிடுச்சு. இப்பத்தானே கத்துகினு இருக்கேன்?"

காம்பவுண்டு சுவர் ஓரம், சிமெண்ட் தொட்டியில் இருந்த துரந்தா செடி அது. பக்கத்து வீட்டு முகமே தெரியக் கூடாது என்று கல்பனாதான் அதை வெட்ட விடாமல் வளர்த்து வைத்திருந்தாள். சுவருக்கு மேலே புதராக மண்டிக் கிடந்தது.

அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் வளவனுக்குத் திடீர் ஆசை. லீவு நாளில் அதை மயிலாக வெட்டிக் காட்டுகிறேன் என்றான். மயில் என்றதும் அவளும் சரி என்றாள். மறைப்பு இருந்தால் சரி.

செல்போனில் வீடியோ பார்த்தான். கம்பியை வளைத்துச் செடிக்குள் சொருகினான். கொஞ்சம் வெட்டுவான், தள்ளிப் போய்க் குனிந்து பார்ப்பான், மறுபடி வெட்டுவான். கழுத்து நன்றாகவே வந்தது. கொண்டையும் வந்தது. கல்பனாவே அசந்துபோய், போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள்.

அதற்கப்புறம்தான் இந்த ஓட்டை.

"தெருவே சிரிக்கப் போவுது பாருங்க."

"விடு, பழகப் பழக வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டையின் ஓரத்தில் இன்னும் ரெண்டு வெட்டு வெட்டினான்.

அந்தப் பக்கம் போன எதிர்வீட்டு தேவகி நின்றாள். "கல்பனா, உங்க மயிலைப் பார்த்து ருக்கு மாமி சிரிச்சுகினு இருக்காங்க. ஜன்னல் வழியா நானே பார்த்தேன்."

கல்பனாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்து வீட்டு ருக்கு மாமியோடு பேச்சே கிடையாது. சாக்கடைத் தண்ணீரில் ஆரம்பித்த சண்டை. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். மாமி மலையேறாத நாளே இருந்ததில்லை. அப்படிப்பட்டவள் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோதும் கல்பனா எட்டிப் பார்க்கவில்லை.

"படுக்கையில கிடந்தும் நக்கல் போவலையா? நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"வேணாம் கல்பனா..." என்று வளவன் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டாள்.

மாமியின் மருமகள் சுப்ரஜா கதவைத் திறந்தாள்.

"உங்க மாமியார் எங்க செடியைப் பார்த்துச் சிரிக்கிறாங்களாமே?"

"ஆமாக்கா." சுப்ரஜாவின் கண் கலங்கியது. "விழுந்ததுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சிரிக்கிறாங்க."

கல்பனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனாள்.

ஜன்னல் ஓரக் கட்டிலில் மாமி படுத்திருந்தாள். நெஞ்சின் மேல் கைகள் கூப்பியிருந்தன. உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. யார் வந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

கல்பனா மெல்லக் குனிந்து, தலையணை உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், மாமி பார்க்கும் பக்கமே பார்த்தாள்.

மாமியின் காலில் நழுவியிருந்த போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பி வந்தபோது வளவன் வெட்டிய தழைகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வெட்ட விட்டிருப்பியா?"

புதிதாகப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"கத்தரியை இப்படிக் குடுங்க."

"எதுக்கு?"

"படுத்துகினு பார்த்தா மலைக்கோயில் கோபுரம் பாதிதாங்க தெரியுது. ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருசாக்கணும்."