தித்தியின் விடுமுறை

“‘பள்ளிக்கூடம் போற பிள்ளைகளையாவது நாலு மணிக்கு மணி அடிச்சு விட்டுடறாங்க. எனக்கு எப்பம்மா மணி அடிக்கும்?’ அப்படின்னு கேக்குறா உங்க மக! காதுல விழுதா?”

அம்மா அணில் கத்திய கத்தலில், அசந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா அணில் கிளையிலிருந்து விழப் பார்த்தது.

“கேக்கத்தானே செய்வா? நேத்து மழையில ஆடப் போனவளை நிறுத்தி மேகம் எத்தனை வகைன்னு கேட்டே. நனைஞ்சு தும்மினா, தும்மல் ஏன் வருதுன்னு கேட்டே. ஒரு நாள் லீவு விடேன்.”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடைத்துவைத்துக் கிளிப்பிள்ளை ஆக்குகிறார்கள் என்று மரத்துக்கு மரம் சொல்லிவிட்டு, தித்தியை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பவள் அம்மா. அவளுக்குச் சுருக்கென்று தைக்காதா?

“சரிடி, இன்னிக்கு லீவு. போ, இஷ்டத்துக்கு விளையாடு.”

தித்தி நம்பாமல் ஒரு முறை பார்த்தாள். பிறகு ஒரே ஓட்டமாகக் கொய்யா மரத்தில் ஏறி, கனிந்த பழம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே கொண்டுபோனாள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றாள் அம்மா. பிள்ளை சந்தோஷமாகத் தின்பதைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் இவ்வளவு நல்ல பழம் பாடமில்லாமல் வீணாகப் போகலாமா?

“லீவுதான், யாரு இல்லேன்னா? கடிக்கிறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லு. உள்ளே எத்தனை விதை இருக்கும்? குத்துமதிப்பாச் சொன்னாப் போதும், அப்புறம் எண்ணிப் பார்த்துடலாம்.”

“அம்மா, இந்த ஒண்ணை மட்டும் சும்மா தின்னுக்கட்டுமா?”