பின் சீட்டு மூட்டைகள்

"என்னங்க, உங்க மெக்கானிக் ஜெபசிங் நம்ம ஜீப்புல லோடு அடிச்சிட்டிருக்காரு!"

சாலைக் கடைத்தெருவில், இடுப்பில் பிள்ளையும் காதில் போனுமாக நின்று கத்தினாள் இசக்கிசெல்வி.

"சும்மா இருட்டி. ரிப்பேருக்கு விட்ட வண்டி பஜாருக்கு எப்படி வரும்?" என்றான் மறுமுனையில் அவள் புருஷன் வன்னியராஜ்.

"கண்ணால பாத்துட்டுதான் சொல்லுதேன். அரிசிக் கடை வாசல்ல நிக்கி. பின் சீட்டு பூரா மூட்டை!"

போனை கட் பண்ணினாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பொன்முடி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஃபோர் வீல் ஜீப் அது. மலை ரோட்டில் நாற்பதைத் தாண்டாது. அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. போன மாசம் ஊருக்குப் போனபோதுதான் வினை. ஹைவேயில் எண்பதைத் தொட்டதும், பின் சீட்டில் பிள்ளையோடு இருந்த அவளுக்கும் மாமியாருக்கும் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு இரண்டு எரிந்தது.

வன்னியராஜ் மறுநாள் தனியாக ஓட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினான். அவர்களும் ஒரு ரவுண்டு போய் வந்து, ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்.

"எல்லாம் உன் பிரமைட்டி."

"விளக்கு எரிஞ்சதுமா பிரமை?"

"வயசான வண்டின்னா கண்ணடிக்கத்தான் செய்யும்."

வருகிற சனிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலுக்கு அதே ஹைவேயில்தான் போக வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இதில் ஏறவே மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்ற பிறகுதான், மூன்றாவதாக ஜெபசிங்கிடம் விட்டார்கள்.

அவர் ஒருத்தர்தான் அவளிடம் கேட்டார். ஸ்டியரிங் நடுங்கிச்சா, சீட்டு நடுங்கிச்சா? யார் யார் எங்கே இருந்தீங்க? அவளும் ஒன்று விடாமல் சொன்னாள். "நாலு நாள் ஆகும் சேச்சி" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

ஏன் நாலு நாள் என்று இப்போதல்லவா தெரிகிறது!

விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினாள்.

"ஆசானே, நல்லா இருக்கா இது?"

வண்டிக்குள் குனிந்திருந்த ஜெபசிங் நிமிர்ந்தார். "வாங்க சேச்சி. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்."

"பண்ணுவீங்க, பண்ணுவீங்க. லோடு இறக்கி முடிச்ச பொறவுதானே? பிள்ளைக்குக் காது குத்தப் போகணும்னு கெஞ்சி விட்ட வண்டி. அதுல அரிசி ஏத்துதீங்களே, மனசு உறுத்தலையா?"

சுமைதூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஜெபசிங்குக்குக் கோபம் வரவில்லை. "கொஞ்சம் உள்ளே நோக்குங்க சேச்சி" என்று கதவை அகலத் திறந்தார்.

எட்டிப் பார்த்தாள்.

இரண்டு பெரிய மூட்டைகள், ஆள் உட்கார்ந்த மாதிரி, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தன. ஒன்றில் சாக்பீஸால் 'அம்மை' என்று எழுதியிருந்தது; அது மாமியார். இன்னொன்றில் 'சேச்சி'. அந்தச் சேச்சியின் மடியில், கயிறு போட்டுக் கட்டிய ஒரு குட்டி மூட்டை. 'பாப்பா, 11 கிலோ.'

"தனியா ஓட்டினா நடுக்கம் வரல்ல சேச்சி. பின்னால நீங்க மூணு பேரும் இருந்தப்பதான் வந்துதுன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான், இந்தக் கடைக்காரர்கிட்ட மூட்டை கேட்டு அதே கனம் ஏத்தினேன். எண்பதுல பிடிபட்டுது! பின்பக்கம் கனத்துல தாழ்ந்தா, அடியில சுத்துற ஷாஃப்ட் சரியுது. அதோட ஜாயின்ட் தேஞ்சு கிடக்கு. அது உதற உதற, பக்கத்து ஒயர் உரசி விளக்கும் எரியுது. எல்லாம் மாத்தியாச்சு. இன்னைக்கு இதே மூட்டையோட பைபாஸ்ல தொண்ணூறுல போனேன். ஒரு அனக்கம், ஆட்டம் இல்ல. இப்ப மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்."

இசக்கிசெல்விக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"மன்னிச்சிருங்க ஆசானே. என் பேச்சை நம்புனது நீங்க ஒருத்தர்தான். உங்களைப் போயி..."

"அது போட்டே, விடுங்க. உங்க வீட்டு அண்ணன்தான் என்னை ஒரு நாள் சுத்த விட்டுட்டார். உங்க வெயிட்டு ஐம்பத்தஞ்சுன்னு சொன்னார். அதுல நடுக்கம் வரல்ல. பத்து கிலோ கூட்டினேன், டக்குன்னு வந்துது!"

சுமைதூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அது கல்யாணத்தப்போ உள்ள வெயிட்டுல்லா!" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அதுக்கு எதுக்கு ஆசானே மூட்டை? ஒர்க்‌ஷாப்புல நாலு பேர் இருக்காங்களே. ரெண்டு பேரைப் பின்னால உக்காத்தி வச்சா முடிஞ்சு போச்சு."

"ஐயோ, அதெப்படி? அறுந்து விழுற நிலையில இருந்த ஷாஃப்ட் அது. எண்பதுல அறுந்தா வண்டியே மறிஞ்சு கவுந்திரும். அதுல போயி மனுஷனை உக்கார வைக்க முடியுமா?"

"அப்போ, வண்டியை ஓட்டுனது?"

குட்டி மூட்டையை அலுங்காமல் தூக்கி வெளியே வைத்த ஜெபசிங் சிரித்தார்.

"டிரைவர் சீட்டுல மூட்டை வைக்க வழியில்லையே சேச்சி."