தைரியநாதனின் நடை

இந்தச் சண்டை முடியட்டும். முடிந்ததும் அவன் நடப்பான்.

திண்டுக்கல் பேருந்தின் சன்னல் வெயிலில் கைபேசித் திரை சரியாகத் தெரியவில்லை. அவள் முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

எழுபதுகளில் எடுத்த அமெரிக்கப் படம். பம்பைத் தலையும் தோல் கோட்டுமாக ஒரு கறுப்பு நாயகன் நான்கு வெள்ளைக்காரர்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு குத்துகூட எவன் மேலும் படவில்லை. ரத்தம் அசல் பெயிண்ட்.

இந்தக் கண்றாவியையா அண்ணன் அத்தனை தடவை பார்த்தான்?

பார்த்தான்.

பொன்மலை ரயில்வே காலனியில் அண்ணன் தைரியநாதனைக் கருவாயா என்று கூப்பிடாத வாய் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குத் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனான். போஸ்டர் முழுக்க, அவனைவிடக் கறுப்பான ஒருவன் நின்றான். அவனுக்காகப் பெண்கள் அடித்துக்கொண்டார்கள். அவன் எவனுக்கும் குனியவில்லை.

வீடு திரும்பும்போது அண்ணன் வேறு ஆளாக நடந்தான். ஒரு தோளைத் தாழ்த்தி, கட்டைவிரலை இடுப்பில் செருகி, ரோடே அப்பன் வீட்டுச் சொத்து என்பதுபோல.

அதே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தான். அந்த நடைக்குத்தான் ஒருநாள் அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

"எவன்டா நீ? எங்கிட்டயே இப்படி நடந்து காட்டுற?"

அண்ணன் அதே நடையில் வாசலைத் தாண்டிப் போனான். திரும்பி வரவில்லை. அவன் இருந்த போட்டோக்களை எல்லாம் அப்பா அடுப்பில் போட்டார்.

இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு கருணை இல்லத்திலிருந்து சிஸ்டர் ஒருவர், காலனியில் விசாரித்து எண் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார். பேச்சு போன ஒரு பெரியவர். பொன்மலை என்ற சொல் மட்டும் எப்போதாவது வாயில் வருகிறதாம். உங்கள் அண்ணனா என்று வந்து பாருங்கள்.

வந்து பார்க்கலாம். ஆனால் அவளுக்கு அண்ணனின் முகம் மறந்துவிட்டது. கூடப் பிறந்தவள், வெட்கக்கேடு. கண்ணை மூடினால் நடை மட்டும்தான் வருகிறது. அதிலும் தாழ்ந்தது இடது தோளா, வலது தோளா என்று இப்போது குழப்பம்.

அதனால்தான் மருமகனிடம் சொல்லி இந்தப் படத்தைத் தேடிப் பிடித்தாள். அண்ணன் எடுத்துக்கொண்ட நடை இதற்குள் இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அந்தப் பெரியவரை நாலடி நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

சண்டை முடிந்தது.

நாயகன் நடந்தான். பேருந்தைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி நடந்தான்.

படத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். பாலத்தில் நடந்தான். மதுக்கடைக்குள் நடந்தான். கடைசியில் எரிகிற காரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். எல்லா இடத்திலும் இரண்டு தோளும் நேராக இருந்தன. கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.

அந்த நடை படத்தில் இல்லை.

அண்ணன் யாரையும் பார்த்து நடக்கவில்லை. அது அவனே நடந்த நடை.

வேறெங்குமே இல்லாத ஒன்றை அவள் ஒருத்தி வைத்திருந்தாள். அதையும் பாதி தொலைத்துவிட்டாள்.

இல்லத்தில் சிஸ்டர் கடைசிக் கட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

"சர்க்கரைம்மா. ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க. போன்லயே சொல்லியிருக்கணும் நான்."

முகத்தைப் பார்த்தாள். அவனாக இருக்கலாம். யாராகவும் இருக்கலாம்.

"அண்ணே."

பெரியவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இடது தோளைத் தாழ்த்தினாள். இல்லை, வலது. இல்லை, இடதுதான். கட்டைவிரலை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே நடந்தாள்.

முட்டி வலியில் உயிர் போனது. சுவர்வரை போய்த் திரும்பி நடந்தாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சமையல்காரப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பெரியவரின் கண் விசிறியை விட்டு இறங்கியது. அவளைப் பார்த்தாரா, அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாரா, தெரியவில்லை.

"போதும்மா, உக்காருங்க," என்றார் சிஸ்டர். "இவரு இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. பரவால்ல."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எங்கண்ணன் இப்படித்தான் நடக்கும். எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல?"



அவள் முதல் கட்டிலிலிருந்து மறுபடியும் நடக்கத் தொடங்கினாள்.